அந்துருண்டை வைத்த குதிரை

அக்கா,

இன்று காலை உன் மையத்துப் பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை நெடி முகத்தில் அடித்தது. நீ போன பிறகு உன் அங்கன்வாடியையும் கூடுதல் பொறுப்பாக என் தலையில் கட்டியிருக்கிறார்கள். எனக்கு முன் சில வாரம் பார்த்துக்கொண்டவர் பொம்மைகளைத் துடைத்து, பாலித்தீன் உறையில் போட்டு, பட்டுப் புடவைக்கு வைப்பதுபோல் அந்துருண்டை வைத்துப் பூட்டியிருக்கிறார். மரக் குதிரையை அந்துப்பூச்சியா அரிக்கப் போகிறது?

இந்தக் கூத்து நம் துறையில்தான் நடக்கும். சின்னப் பிள்ளைகள் விளையாடித்தான் கற்க வேண்டும் என்று அரசாங்கமே கொள்கை வகுக்கும். பொம்மைப் பெட்டியும் அனுப்பும். பெட்டி வந்து இறங்கியதுமே அதிகாரி போன் செய்வார். "ஆய்வுக்கு வரும்போது எல்லாம் புதுசா இருக்கணும். ஒண்ணு உடைஞ்சாலும் நீங்கதான் பதில் சொல்லணும்." அதற்குப் பிறகு எந்த டீச்சருக்குப் பீரோவைத் திறக்க மனம் வரும்? பிள்ளைகள் சுவரில் வரைந்த யானையைப் பார்த்துக்கொண்டு கை கட்டி உட்கார்ந்திருக்கும்.

நீ மட்டும் பெட்டி வந்த அன்றே பிரித்துத் தரையில் கொட்டினாய். கூட்டத்துக்கு உன்னைக் கூட்டிப் போக வந்த நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே கம்பெனி பஸ் ஓடிக்கொண்டிருந்தது. கட்டைகளை அடுக்கிய பஸ், அதற்கு மரக் குதிரை டிரைவர். மாதனூரில் பஸ் ஏறி ஷூ கம்பெனிக்குத் தைக்கப் போகிறாளே மேரி, அவள் மகள் ஸ்டெல்லா ஒரு துணிப் பொம்மையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். "அழாத கண்ணு. லேட்டானா கம்பெனி கேட்டை மூடிடுவாங்க. சாயந்தரம் வந்துட்றேன்."

நீ என் கையைப் பிடித்து அழுத்தினாய். "சத்தம் போடாதடி. இது சேர்ந்ததுலேர்ந்து வாயே தொறக்கல. இப்பதான் பேசுது." உன் கண் கலங்கியிருந்தது.

அந்த வாரமே ஆய்வுக்கு வந்த அதிகாரிக்கு ஸ்டெல்லாவின் பேச்சு காதில் விழவில்லை. குதிரையின் ஒடிந்த கால்தான் கண்ணில் பட்டது. "மையமா நடத்தறீங்க, சந்தக்கடையா?" என்று கேட்டுவிட்டுப் போய், மெமோ அனுப்பினார். நான் பதறினேன். நீ சிரித்தாய். "இன்னாடி பேஜாரு? உடையாத பொம்ம இருக்குதுன்னா அங்க புள்ளைங்க இல்லன்னு அர்த்தம்." ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்தாய். அந்த ஒரு வரிக்காக உன்னை எத்தனை முறை ஆபீசுக்கு அலையவிட்டார்கள்! நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே பஸ் ஏறினாய். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், விசாரணை முடியட்டும் என்றாய். உன்மேலும் எனக்குக் கோபம்தான் அக்கா.

இரங்கல் கூட்டத்தில் உன் படத்துக்கு மாலை போட்டது யார் தெரியுமா? அதே அதிகாரி. விளையாட்டு வழிக் கல்விக்கு நீ முன்மாதிரியாம். எல்லோரும் கை தட்டினார்கள். கொடுத்த டீயை அப்படியே வைத்துவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன்.

இன்று பீரோவிலிருந்த அத்தனையையும் தரையில் கொட்டினேன். குதிரையின் காலை மேரி கம்பெனித் துண்டுத் தோலைச் சுற்றி அழுத்தமாகத் தைத்துக் கொடுத்திருந்தாள் அல்லவா, அது இன்னும் விடவில்லை. ஸ்டெல்லா பெரிய பள்ளிக்கூடம் போய்விட்டாள். அவள் தங்கை இப்போது இங்கேதான் இருக்கிறாள். அவளும் இதுவரை யாரிடமும் பேசியதில்லை. குதிரையைக் கழுவிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு அதன் காதைக் கடித்தாள்.

அதற்குள் அதிகாரியிடமிருந்து போன். நாளை ஆய்வாம், பொம்மைகள் நல்ல நிலையில் இருப்பதற்குப் போட்டோ வேண்டுமாம். அவள் குதிரையின் காதைக் கடிப்பதைப் படம் பிடித்து, அதையே அனுப்பிவைத்தேன். போன் மறுபடி அடித்துக்கொண்டிருக்கிறது. எடுக்கவில்லை. இங்கே ஸ்டெல்லாவின் தங்கை குதிரையிடம் ஏதோ முணுமுணுக்கிறாள், அதைக் கேட்க வேண்டும்.

மெமோ வரட்டும் அக்கா. நீ எழுதிய பதில் எனக்கு மனப்பாடம். 'பிள்ளைகள் விளையாடினார்கள், உடைந்தது.'