ஊமைக் கடிதம்

அரியூர் நாடு, கொல்லிமலை
14 செப்டம்பர் 2024

தரணி,

கோகிலாவின் கல்யாணத்தை நிறுத்தியிருக்கக்கூடியவன் நீ. நீ நிறுத்தவில்லை.

மூன்று வருடமாக உன்னை 'நீங்கள்' என்றுதான் எழுதியிருக்கிறேன். இன்றைக்கு அது வரவில்லை. போன் செய்தால் பேச்சிலேயே மழுப்பிவிடுவாய், அதனால்தான் தபால்.

நேற்று விடுதி வார்டனின் மேசை இழுப்பறையில் கோகிலா பேருக்கு விடுதி முகவரியில் நீ போட்ட அஞ்சலட்டை கிடந்தது. ஜூன் 20 முத்திரை. 'அன்பு கோகிலா பாப்பா, உறைக்குள் வெறும் தாளை மட்டும் வைத்து அனுப்பியிருக்கிறாய். அடுத்த முறை கடிதத்தையும் சேர்த்து வை.' பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்று வரைந்திருக்கிறாய்.

'வெறும் தாள்னு ஒண்ணு கிடையாது கண்ணுகளா. யார் குடுத்தாலும் தூக்கிப் போடாதீங்க, மஞ்சளைப் பூசிப் பாருங்க' என்று நாற்பது பள்ளிக்கூடங்களில் என்னோடு நின்று சொன்னவன் நீ. சலவைச் சோடாவைக் கரைத்து ஈர்க்குச்சியால் எழுதிக் காயவிடுவாய். தாள் வெள்ளையாகவே இருக்கும். மஞ்சள் தண்ணீரைப் பூசியதும் எழுத்து சிவந்து எழும்பும். நம் அறிவியல் பொம்மைப் பெட்டியில் அது ஏழாம் நம்பர், ஊமைக் கடிதம். அதற்குக் கதை கட்டியவள் நான். பூட்டிவைத்த வீட்டிலிருந்து ஒரு பெண் தன் தாய்க்கு வெள்ளைத் தாள் அனுப்புவாள். தாய் மஞ்சளைப் பூசுவாள். ஊரே கிளம்பிப்போய் அவளை மீட்டு வரும்.

கோகிலா அந்தக் கதையை நம்பியிருக்கிறாள்.

ஏழாம் வகுப்பில் அவள் கேட்டது நினைவிருக்கிறதா? 'மஞ்சளுக்குக் கோவம் வருதுங்களா மிஸ், அதான் செவக்குதா?' அதை மேடைக்கு மேடை சொல்லிக் கைதட்டல் வாங்கினாய். உன் அறக்கட்டளை அச்சடித்த பெட்டியின் மூடியில் சிரிப்பது அவள் முகம்தான். அந்த மூடியில் இருக்கும் பெங்களூர் முகவரியைப் பார்த்துத்தான் உனக்கு அனுப்பியிருக்கிறாள். மே லீவுக்குப் பெரக்கரை நாட்டிலிருக்கும் வீட்டுக்குப் போனவள் விடுதிக்குத் திரும்பி வரவில்லை. ஆவணியில் கல்யாணம் நடந்துவிட்டது. வயது பதினைந்து. அவளுக்கு வந்த பத்தாம் வகுப்புப் புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமல் இங்கே இருக்கின்றன.

அந்தத் தாள் எங்கே?

ராதிகா


பெங்களூர்
21 செப்டம்பர் 2024

அன்புள்ள ராதிகாவுக்கு,

தாள் இருக்கிறது. தூக்கிப் போடவில்லை. உறையின் மேல் அவள் நம் பலூன் பொம்மையை வரைந்திருந்தாள். எலுமிச்சைச் சாறும் சோடா மாவும் சேர்ந்து ஊதுமே, அதே பலூன். பார்க்க ஆசையாக இருந்தது. உறையையும் தாளையும் என் மேசைக்கு எதிரே பலகையில் குத்திவைத்தேன். மூன்று மாதமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் வேலை செய்தேன்.

இங்கே நான் பொம்மை செய்வதில்லை. பொம்மைகளைப் பற்றிய கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

சேந்தமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு நீ முதன்முதலாக வந்த அன்று, எல்லோருக்கும் டம்ளரில் டீ கொடுத்த அம்மா உனக்கு மட்டும் காகிதக் கப்பில் கொடுத்தார். நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் நீ எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினாய், நானும் பெங்களூருக்கு வந்துவிட்டேன். எதிரே இருப்பதைப் பார்க்காமல் இருப்பது எனக்குப் பழக்கம் போல.

ஆனால் இத்தனை கோபத்திலும் நீ ஒன்றைச் சொல்லவில்லை. மாப்பிள்ளை யார்? அவளுடைய மிஸ் மலையிலேயே இருக்கும்போது, அவள் ஏன் எனக்கு எழுதினாள்? குத்திக்காட்டக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்கிறேன்.

என்றும் அன்புடன்,
தரணிதரன்


அரியூர் நாடு
30 செப்டம்பர் 2024

தரணி,

மாப்பிள்ளை என் தம்பி ரமேஷ்குமார்.

அவனுக்கு இருபத்தாறு வயது. குச்சிக்கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு சேந்தமங்கலத்துக்குப் பிக்கப் ஓட்டுகிறான். மே மாதம் பரிசம் போட்டார்கள். நானும் போனேன். 'பதினெட்டு ஆவட்டுங்க, அதுக்கு மேலதான் கண்ணாலம்' என்றார் அவள் அப்பா. நம்புவது எனக்கு வசதியாக இருந்தது, நம்பினேன். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கோகிலாதான் எனக்குத் தண்ணீர் ஊற்றினாள். சாயங்காலமே நாமக்கல் கண்காட்சிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ஆவணியில் எனக்குச் சொல்லாமலே கோயிலில் தாலி கட்டிவிட்டார்கள். மூன்றாம் நாள் தெரிந்தது. புகார் எழுதத் தாள் எடுத்தேன். தம்பி பேரை எழுதக் கை வரவில்லை. அதுவும் வெறும் தாளாகவே என் பையில் இருக்கிறது.

இப்போது அவள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். 'அண்ணின்னு கூப்புடு, என்ன மிஸ்ஸு நொஸ்ஸுன்னுட்டு' என்று அம்மா அவளை அதட்டுகிறாள். தரணி அண்ணனுக்கு என்ன எழுதினாய் என்று கேட்டேன். 'மறந்துபோச்சுங்க மிஸ்' என்றாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

உறையை வாங்கிக் கொடுத்ததும், தபாலில் போட்டதும் ரமேஷ்தான். அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். 'ஒட்டறதுக்கு முன்னால பிரிச்சுப் பாத்தேன். ஒண்ணுமே எழுதல. படிச்ச புள்ளைக்குக் கிறுக்குப் புடிச்சுருச்சாட்ட இருக்குது.' நம் பொம்மை வேலை செய்திருக்கிறது, தரணி. கட்டிக்கப்போகிறவன் கையாலேயே கடிதத்தைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். படிக்கத்தான் ஆள் இல்லை.

இப்போது ஒன்று கேள். தாளில் மஞ்சள் பூசாதே. அவள் வீட்டில் சலவைச் சோடா ஏது? அப்பாவின் வெற்றிலைச் சுண்ணாம்பைத்தான் கரைத்திருப்பாள். சுண்ணாம்புக்குக் காற்று ஆகாது. நாளாக ஆக வெறும் சாக்கட்டியாக மாறிவிடும். அதன் மேல் பூசினால் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். இது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். பிள்ளைகளுக்குச் சொன்னோமா? வித்தை பலிக்கிற நாளை மட்டும் காட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் பஸ் ஏறினோம்.

தாளை அப்படியே எனக்கு அனுப்பு. பள்ளி ஆய்வகத்தில், தாளைக் கறைப்படுத்தாமல் மீந்த சுண்ணாம்பை மட்டும் சிவக்க வைக்கும் நிறமில்லாத மருந்து இருக்கிறது. ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்கிறேன்.

ராதிகா


பெங்களூர்
1 அக்டோபர் 2024

அன்புள்ள ராதிகா,

உன் பதில் வரும் வரை பொறுக்க முடியவில்லை. நேற்று மஞ்சள்தூளைக் கரைத்துத் தாளில் பூசினேன்.

தாள் முழுக்க மஞ்சளாகத்தான் நின்றது. நடுவில் ஒரே இடத்தில், ஏதோ கட்டியாக ஒட்டியிருந்த இடத்தில் மட்டும், வெளிறிய சிவப்பு வந்தது. 'மிஸ்ஸுக்குத் தெரிய' என்று இருக்கிறது. அவ்வளவுதான். முன்னால் ஐந்தாறு வரிகள், பின்னால் சில வரிகள் இருந்திருக்க வேண்டும். அவை எழும்பவில்லை.

அலுவலகத்தில் விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. பெட்டி மூடியில் அவள் படம் இருப்பதால் வக்கீலைக் கேட்க வேண்டும் என்று தாளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூடியில் வேறு பிள்ளையின் படத்தைப் போடப்போகிறார்களாம். தாளைத் திருப்பி வாங்கப் பார்க்கிறேன். மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

தரணி


அரியூர் நாடு
9 அக்டோபர் 2024

தரணி,

'தெரிய'வுக்கு அப்புறம் என்ன?

மிஸ்ஸுக்குத் தெரியணும் என்றால், அவள் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். என் வீட்டு ஆட்கள் கண்ணில் படாமல், பெங்களூரைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வரப் பார்த்திருக்கிறாள். மிஸ்ஸுக்குத் தெரிய வேண்டாம் என்றால், அந்தப் பந்தியில் சாப்பிட்ட கூட்டத்தில் நானும் ஒருத்தி என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டில் எது? தினமும் அவள் கையால் சோறு வாங்கிச் சாப்பிடுகிறேன்.

நேற்று ஏழாம் வகுப்பில் ஊமைக் கடிதம் செய்தேன். மூன்று வாரத்துக்கு முன் சுண்ணாம்பால் எழுதிவைத்த தாளை எடுத்துப் பூசினேன். ஒன்றும் வரவில்லை. யாரும் கைதட்டவில்லை. தேன்மொழி என்ற பிள்ளை மட்டும் எழுந்து, 'அப்ப கதைல வர்ற அக்கா என்ன ஆனாங்க மிஸ்?' என்று கேட்டாள்.

மஞ்சள் பூசிய பிறகும் சுண்ணாம்புக் கோடு தாளின் நாரில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். சாய்ந்த வெயிலில் பிடித்தால் எனக்குப் படிக்க வரும். வக்கீலுக்கு வராது. அனுப்பு.

ராதிகா


அரியூர் நாடு
6 ஜனவரி 2025
பதிவுத் தபால்

தரணிதரன் அவர்களுக்கு,

அக்டோபருக்குப் பிறகு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. போனும் எடுப்பதில்லை.

கோகிலாவுக்கு நான்காம் மாதம். ஆஸ்பத்திரியில் வயதைக் கேட்டார்கள். அம்மா பத்தொன்பது என்றாள். நான் பதினைந்து என்று சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி மேல் கேஸ் ஆகிவிட்டது. இந்த ஒரு சொல்லை மே மாதமே சொல்லியிருக்கலாம்.

என்னை வீட்டுக்குள் விடுவதில்லை. கோகிலாவைத் தூரத்து அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 'எனக்குப் புடிச்சுத்தான் கட்டிக்கிட்டேன்' என்று சொல்லச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். விசாரிக்க வந்தவர்களிடம் அவளும் அப்படியே சொல்லிவிட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளாக எழுதியது உலகத்தில் அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. அது என்னைத் திட்டி எழுதியதாக இருந்தாலும் எனக்கு வேண்டும்.

தாளை அனுப்புங்கள், சார்.

ராதிகா