இரண்டு பகல் சீட்டுகள்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ அந்த வலிகூட இல்லாமல் இருக்க வேண்டும். முன்பு எழுதிய நான்கு கடிதங்களும் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். கடல் தாண்டிப் போகும் தபால் கொஞ்சம் தாமதமாகும் என்று தபால்காரர் தேற்றுகிறார். மூன்று வருடமா தாமதமாகும் என்று அவரிடம் நான் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் நீ வேலை பார்க்கும் தீவுக்குச் சுற்றுலா வருகிறேன். பதறாதே. ஊழியர் குடியிருப்பில் உறவினர் தங்கக்கூடாது என்று உன் தம்பி சொன்னான். காசு கொடுத்து வரும் விருந்தாளியாகத்தான் வருகிறேன்.

உங்கள் ஹோட்டலில் ஒரு நாள் வாடகை என்னவென்று கேட்டதும் பென்ஷன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். பிறகு தெருமுனை டிராவல்ஸ்காரனைப் பிடித்தேன். என்னிடம் படித்தபோது கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டவன், இப்போது எனக்கே கணக்குச் சொல்லித்தருகிறான். "டீச்சர், மழைக்காலத்துல போனீங்கன்னா எல்லாமே பாதி விலை. ஆனா ஒண்ணு, ஒரே மூட்டமா இருக்கும், கடலே தெரியாது" என்றான். "நான் கடலைப் பாக்கவாடா போறேன்?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு டிக்கெட்டைத் தேட ஆரம்பித்துவிட்டான்.

மற்ற சிக்கனமெல்லாம் நானே கண்டுபிடித்தது. விரைவுப் படகு வேண்டாம். வெங்காய மூட்டையோடு ஆட்களையும் ஏற்றுகிற படகில் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். தங்குவது உங்கள் தீவில் இல்லை, ஊர்க்காரர்கள் குடியிருக்கும் பக்கத்துத் தீவில், தையல்கார அம்மா ஒருவரின் மாடியறையில். அடுப்பும் தருகிறாராம். காலையில் உங்கள் தீவுக்கு வந்து மாலையில் திரும்ப, பகல் சீட்டு என்று ஒன்று இருக்கிறதாமே, மதியச் சாப்பாடும் அதிலேயே அடக்கமாம். ஹோட்டலில் ஒரு நாள் தங்குகிற பணத்தில் பத்து நாள் உன் பக்கத்தில் இருந்துவிடலாம். முழு நோட்டு வாங்க வழியில்லாத பிள்ளை, ஒற்றைத் தாளை வாங்கி ஓரம்கூட விடாமல் எழுதுமே, அப்படி.

தையல்கார அம்மாவிடம் போனில் பேசினேன். மாடியில் நின்றால் உங்கள் படகுத்துறை தெரியுமாம். "அங்க உங்களுக்கு யாரு இருக்கா?" என்று கேட்டார். மகள் என்றேன். "அட, அப்ப எதுக்குங்க இங்க வாடகை குடுத்துத் தங்குறீங்க?" என்றார். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பொய் சொல்வது எனக்குப் புதிதில்லை. உன் கல்யாணத்தன்று விடைத்தாள் திருத்தும் வேலை இருப்பதாகச் சொன்னேனே, அது இரண்டு நாள் முன்பே முடிந்துவிட்டது. அன்று முழுவதும் யாருமில்லாத ஆசிரியர் அறையில் சிவப்புப் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "போயும் போயும் படகு ஓட்டுறவனா?" என்று நான் கேட்டதும், நீ பையை எடுத்துக்கொண்டு படியிறங்கியதும் நினைவுக்கு வராத நாள் இல்லை.

பகல் சீட்டுக்காரர்களை ஏற்றிவரும் படகை ஓட்டுவது மாப்பிள்ளைதான் என்று தம்பி சொன்னான். அவர் என்னைப் பார்த்ததே இல்லை. நானும் யாரென்று சொல்லிக்கொள்ள மாட்டேன். வயதானவர்கள் இறங்கும்போது கை கொடுப்பாராம். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. பிடித்துக்கொள்வேன்.

படகுத்துறையில் வருகிறவர்களுக்கெல்லாம் ஈரத்துண்டு நீட்டி, சிரித்து வரவேற்பது உன் வேலையாமே. சிரிக்க வேண்டும் என்பது ஹோட்டல் விதியாம். நான் கடைசி ஆளாக இறங்குகிறேன். எனக்கும் அந்த விதிப்படி சிரித்தால் போதும்.

இவ்வளவு மிச்சம் பிடித்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. பகல் சீட்டு இரண்டு எடுத்திருக்கிறேன். முதலாவது, நான் வந்திறங்கிய மறுநாள் புதன்கிழமைக்கு. பட்டியலில் என் பெயரைப் பார்த்துவிட்டு அன்று நீ வேறு யாரையாவது துண்டு கொடுக்க நிறுத்தினாலும் எனக்குக் கோபம் வராது. சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு மாலைப் படகில் திரும்பிவிடுவேன். இரண்டாவது, அதற்கடுத்த புதனுக்கு. தவறியவர்களுக்கு மறுதேர்வு உண்டு என்று சொல்லிச் சொல்லி எத்தனை பிள்ளைகளின் கண்ணைத் துடைத்து அனுப்பியிருக்கிறேன். இந்த முறை எழுதப்போவது நான். நீ யோசிப்பதற்கு இடையில் ஒரு வாரம் விட்டிருக்கிறேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் சேர்ந்திருக்க வேண்டும். மழையில் துறைப் பலகை வழுக்கும். ஓடி வராதே அம்மா, நடந்தே வா.

உன் வழியைப் பார்த்திருக்கும்
அம்மா