அதே மிஷின், அதே ஓட்டை

ஆகஸ்ட் 12, 1968. திங்கள் இரவு.

இன்று என் மிஷினில் ஓடிய பனியன் துணியில் வரிசையாக ஓட்டை விழுந்தது. பார்க்க வந்த முதலாளியிடம், நான் நிற்கும்போதே மேஸ்திரி ரங்கசாமி சொல்கிறார்: "தெக்கத்தி ஆளுக இப்படித்தானுங்க. வேலையில கவனமே இருக்காதுங்க."

போன வாரம் இதே மிஷினில் உள்ளூர்க்காரர் சின்னசாமிக்கும் இதே ஓட்டைதான். அன்றைக்கு இதே வாய், "ஊசி தேஞ்சு போச்சுங்க, அவரு என்னங்க பண்ணுவாரு?" என்றது. அந்த ஊசியை இன்றுவரை மாற்றவில்லை. அவருக்கு என்றால் ஊசி. எனக்கு என்றால் ராமநாதபுரம் ஜில்லா முழுவதுமா?

கேட்டே விட்டேன். "போன வாரம் சின்னசாமி அண்ணனுக்கும் விழுந்துச்சே, மேஸ்திரி?"

"சின்னசாமிக்குங்களா? அப்படியொண்ணும் நெனப்பில்லீங்களே."

பொய் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அந்த மனிதருக்கு நிஜமாகவே நினைவில்லை. என் ஓட்டையை மட்டும் சாகும்வரை மறக்க மாட்டார்.

இந்தக் கொங்கு நாட்டு ஆட்களே இப்படித்தான். வாயில்தான் மரியாதை.

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். மேஸ்திரி சொன்னதேதான், ஊர் மட்டும் வேறு. இந்த வரியை அடித்துவிட வேண்டும். இன்றைக்கு அடிக்க மாட்டேன்.