எண்ணிக்கையில் சேராத கை

செவ்வாய், இரவு.

எங்களைப் போன்ற கௌரவ விரிவுரையாளர்களுக்கும் துறைக் குழுவில் ஓட்டு தரலாமா என்று இன்று பல்கலைக்கழகத்தில் கூட்டம். எங்களையும் கூப்பிட்டு ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். "சம்மதம்னா கை தூக்குங்க" என்றார் துறைத்தலைவர். என்னையறியாமல் நானும் தூக்கிவிட்டேன்.

"மேடம், நீங்க இறக்குங்க. எண்ணுததுக்குக் குழப்பமா இருக்குல்லா" என்றார் அவர்.

என்னைப் போலவே ஓட்டில்லாத பாத்திமா காதோடு சொன்னாள்: "பைய இறக்குங்கக்கா, அவுகளுக்கு எண்ணத் தெரியுதான்னு பாப்போம்."

சிரித்துவிட்டேன். தீர்மானம் தோற்றது. ஆறுதலுக்குப் பட்டமளிப்பு விழா வரவேற்புக் குழுவில் எங்களைப் போட்டிருக்கிறார்கள். வீடு திரும்பும் ஏரல் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் வழியோர ஆற்றைப் பார்க்கத் தோன்றவில்லை.

பதவி வேண்டாம். நான் நடத்தும் பாடத்தைப் பற்றி முடிவெடுக்கும்போது நானும் ஒருத்தியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இன்று எங்களை எதிர்த்துக் கை தூக்கியவர்கள் மேல்கூட எனக்குப் பொறாமையாக இருக்கிறது.