காண்டசாவுக்கு மாட்டுன இக்னிஷன்

என்னங்க, நம்ம காண்டசா காரை எடுத்துக்கிட்டு எங்கம்மாவைக் கூட்டிவர செந்துறைக்குப் போறேன். சாவியைத் தேடாதீங்க. ரசம் இருக்கு, அப்பளம் நீங்களே பொரிச்சுக்கங்க.

ஸ்பேர் பார்ட்ஸ் கடை பாலசுந்தரம் அண்ணன், நீங்க கையிருப்புக்குச் சொல்லி வச்ச புது இக்னிஷன் பாயிண்டைக் கொண்டு வருவாரு. காபி குடுத்து, பாயிண்டைத் திருப்பிக் குடுத்துடுங்க.

நேத்து கல்லங்குறிச்சி கோயில் வாசல்ல, "எலக்ட்ரானிக் இக்னிஷனெல்லாம் எதுக்கு? என் வண்டி பழைய பாயிண்ட்லயே ஒரு மாசமா மக்கர் பண்ணலை"ன்னு அத்தனை பேர்கிட்ட சொன்னீங்களே, அந்த ஒரு மாசமா ஓடுறதே எலக்ட்ரானிக்தான்!

அன்னிக்கு வண்டி நின்னு, அம்மாவை மழையில நிக்க வச்சுட்டு, தீப்பெட்டிப் பட்டையில பாயிண்டைக் கரி போகத் தேய்ச்சீங்க பாருங்க, அப்பவே முடிவு பண்ணிட்டேன். நீங்க சென்னை போன அன்னிக்கு மெக்கானிக் பூமாலை பட்டறையில எலக்ட்ரானிக்கை மாட்டியாச்சு. மூடிக்குள்ள இருக்கறதால வெளிய தெரியாது. நிக்காத வண்டியை நீங்க ஏன் திறந்து பார்க்கப் போறீங்க?

கோயில்ல நான் வாயே திறக்கலை. அதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

வளர்மதி

சொல்ல மறந்துட்டேன். வண்டியில கிடந்த தீப்பெட்டியை அடுப்புகிட்ட வச்சிருக்கேன், இனிமே அதுக்கு அங்கதான் வேலை. உள்ள குச்சியோட உங்க பழைய பாயிண்டும் இருக்கு. தூக்கிப் போட எனக்கு மனசு வரலை.