கையெழுத்து என்னுடையது

5 செப்டெம்பர் 2009, சனி

ஹார்க்ரோவின் வாழ்க்கையை ஒருவழியாக இரண்டு பக்கத்துக்குள் எழுதி முடித்துவிட்டேன். ஓகஸ்ட் முழுக்க நூலகத்தில் கிடந்த பலன். விக்ரோறியா மகாராணி காலத்து மின்பொறியியலாளர். காஸ் விளக்கு எரிந்த தெருக்களுக்கு மின்விளக்குக் கொண்டுவந்தார். பிறகு பாராளுமன்றம் போய், ஏழைகள் வீட்டுக்கும் வெளிச்சம் வேண்டும் என்று சண்டை பிடித்தார். என்ன மனிதன்!

கிருஷ்ணராசா அண்ணைக்காகத்தான் எழுதினேன். அடுத்த மே மாதம் கவுன்சில் தேர்தலில் நிற்கக் கட்சியிடம் கேட்டிருக்கிறார். "எனக்கு முன்னால இந்தப் பாதையில நடந்தவன் ஒருத்தனைக் காட்டு பரமு, துண்டுப்பிரசுரத்தில போடுவம்" என்றார். அவரும் எஞ்சினியர்தானே.

ஜெர்மனியில், ஸ்ருட்காட்டில் எனக்கு வயர் இழுக்கப் பழக்கியவர் அவர். லண்டன் வந்தும் பதினொரு வருடமாக ஒரே கொம்பனி, ஒரே வான். இந்த ஏப்ரலில் பாராளுமன்றச் சதுக்கத்தில் மழைக்குள் ஒரே பொலித்தீனைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஊரில் யுத்தத்தில் சனம் செத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவர் சொன்னார்: "வெளியில நிண்டு கத்தினது காணும். உள்ளுக்க எங்கட ஆள் ஒருத்தன் இருக்கவேணும்." அந்த ஒரு வார்த்தைக்காக நான் எதையும் செய்வேன்.

13 செப்டெம்பர், ஞாயிறு

கட்டுரை அவருக்குப் பிடித்துவிட்டது. இரண்டு தரம் வாசித்தாராம்.

3 ஒக்டோபர், சனி

தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் வேலை முடிகிறது. நாளைக்குத் திறப்பு விழா. குசினியில் தேத்தண்ணிப் போய்லர் ஒன்றுதான் பூட்டக் கிடந்தது. பின்னேரம் அண்ணை டையும் கட்டிக்கொண்டு, படம் எடுக்க ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தார். "கொண்டா ஸ்குறூ ட்றைவரை, போய்லரை நான் பூட்டுறன்." ஆறு வருடமாக மேற்பார்வை மட்டும்தான், கருவி தொடாத கை! படக்காரன் சுற்றிச் சுற்றி எடுத்தான். பிரசுரத்துக்காம்.

"நாளைக்கு நான் ஒருக்கா மீற்றர் வைச்சுப் பாக்கிறன் அண்ணை" என்றேன்.

"ஏன்ரா, எனக்கே சோதினையோ?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

4 ஒக்டோபர், ஞாயிறு

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஐயர் குறித்த சுபநேரம் 10.12 முதல் 10.40 வரை. அதற்குள் மெயின் ஸ்விட்சைப் போடவேண்டும். மின்வேலைச் சேர்ட்டிபிக்கற்றைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துத் பள்ளித் தலைவரிடம் கொடுக்கவேண்டும். நான் மீற்றரை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போக, அண்ணை கையைப் பிடித்துவிட்டார். "நேரம் தப்பினால் சனம் கதைக்கும். நாங்கள் செய்த வேலைதானே, எழுதி விடு."

எழுதினேன். அளக்காத எண்களை அளந்ததுபோல் எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். தாம்பாளத்தில் அதன்மேல் பூவும் வைத்தார்கள்.

பதினொன்றரைக்கு, குசினியில் உதவிக்கு நின்ற சிவமலரக்கா தேத்தண்ணி போடப் போய்லரைத் தொட்டார். கரண்ட் தூக்கி எறிந்துவிட்டது. வலது கை கருகிவிட்டது. ஆள் உயிரோடு இருக்கிறார், கடவுளே.

மெயினை நிறுத்திவிட்டுப் போய்லர் ஸ்விட்சைக் கழற்றிப் பார்த்தேன். எர்த் வயர் அதற்குரிய ஆணிக்குள் போகவே இல்லை, வெளியே தொங்குகிறது. பழைய போய்லர், உள்ளே மின்கசிவு. எர்த் இருந்திருந்தால் பியூஸ் போயிருக்கும், அவ்வளவுதான். மீற்றர் வைத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் காட்டியிருக்கும். அண்ணை பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

7 ஒக்டோபர், புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவின் இரண்டு விரலுக்கு உணர்ச்சி இல்லை, இனி வருமோ தெரியாதாம். வீட்டில் இருந்து சாறிப் பிளவுஸ் தைத்து விற்கிறவர்.

"தம்பி, நான் ஈரக் கையோட தொட்டதாலயோ?" என்று கேட்டார்.

"இல்லையக்கா" என்றேன். காரணத்தைச் சொல்லாமல், கொண்டுபோன பழங்களை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

11 ஒக்டோபர், ஞாயிறு

அண்ணை வீட்டுக்கு வந்தார். 24ஆம் திகதி பள்ளி நிர்வாகமும் காப்புறுதிக்காரரும் மண்டபத்தில் விசாரணை வைக்கிறார்களாம். "போய்லரைப் பூட்டினது நீ எண்டு ஒரு கடிதம் எழுதித் தா பரமு. உன்ரை எலெக்ரிசியன் காட்டைக் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டுவாங்கள். எனக்கெண்டால் எல்லாம் போச்சு. சதுக்கத்தில நிண்டதை யோசி. எங்கட சனத்துக்காக."

காட் போனால் பதினொரு வருட வேலை போகும். என் பெயர் போகும். இரண்டு நாள் தாங்கோ என்றேன். உண்மையைச் சொன்னால், ஓம் என்று சொல்லத்தான் மனம் சாய்கிறது.

14 ஒக்டோபர், புதன்

மனைவி வத்சலா வேலையால் வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "உங்கட அண்ணை என்ன செய்தவர் எண்டு தெரியுமோ?" தமிழ்ப் பள்ளிக் கல்யாணி ரீச்சர் ரெலிபோனில் சொன்னாராம். விழா நடந்த அன்றைக்கே, ஆம்புலன்ஸ் கேற்றைத் தாண்ட முதலே, அண்ணை தலைவரைத் தனியக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார் — பூட்டினதும் பரமு, சோதிக்காமல் கையெழுத்து வைச்சதும் பரமு, எனக்கொண்டும் தெரியாது எண்டு.

அப்ப ஞாயிற்றுக்கிழமை என்ரை கதிரையில இருந்து ஏன் கேட்டவர்? என்ரை தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு! கேட்டால் குடுத்திருப்பனே, மடையன் நான், குடுத்திருப்பனே. கூட இருந்து குழி பறிக்கிறது எண்டு சொல்லுவினம். இந்தாள் குழியை வெட்டிப்போட்டு வந்து, இறங்கிப் படு தம்பி எண்டு கெஞ்சுது.

ஸ்ருட்காட்டில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துத் தந்த கை அது. அதுதான் தாங்க ஏலாமல் இருக்கிறது.

17 ஒக்டோபர், தீபாவளி

விளக்கு ஏற்றவில்லை. வத்சலா எண்ணெய்ப் போத்தலைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தாள்.

21 ஒக்டோபர், புதன்

மத்தியானம் வேலையை விட்டுவிட்டு நூலகத்துக்குப் போனேன். என் கட்டுரையில் ஒரு வசனம் இரண்டு நாளாக உறுத்துகிறது: "ஒரு தொழிலாளியின் கவனக்குறைவால் சிறு விபத்து நேர்ந்தபோதும் ஹார்க்ரோவ் மனம் தளரவில்லை."

பழைய பத்திரிகை மைக்குறோபிலிம் சுருளைத் திரும்பவும் ஓட்டினேன். சிறு விபத்தா? மின்சாரம் பாய்ந்து ஒரு வண்டிக்காரன் செத்திருக்கிறான். தொழிலாளியின் பெயர் சாமுவேல் பீல். மரண விசாரணையில் சொல்லியிருக்கிறான்: "மேயரின் வண்டி வந்துவிட்டது, சோதிக்க நேரமில்லை, போடு என்று ஐயா சொன்னார்." பக்கத்துப் பத்தியில் ஹார்க்ரோவ்: "பதிவேட்டில் அவன் கையெழுத்து இருக்கிறது." பீலுக்கு வேலை போனது. மற்றவர் மூன்று வருடத்தில் பாராளுமன்றம் போனார்.

இந்தப் பக்கத்தை நான் ஓகஸ்டிலேயே வாசித்திருக்கிறேன். கொப்பியில் பக்க எண்கூடக் குறித்து வைத்திருக்கிறேன். கதை பழுதாகிவிடும் என்று அந்த மனிதனின் பெயரை நானே விட்டுவிட்டேன்.

24 ஒக்டோபர், சனி

விசாரணை. பிரசுரத்துக்கென்று படக்காரன் எனக்கும் அனுப்பியிருந்த படத்தை மேசையில் வைத்தேன். டை, ஸ்குறூ ட்றைவர், போய்லர் ஸ்விட்ச், எல்லாம் தெளிவாக இருந்தன.

"பூட்டினது இவர். அளக்காமல் அளந்ததெண்டு எழுதினது நான். இரண்டும் சேர்ந்துதான் இந்த அக்காவின்ரை விரல்" என்றேன்.

அண்ணையின் முகம் வெளிறிவிட்டது. "படத்துக்குச் சும்மா பிடிச்சனான்" என்றார் அவர்களிடம். பிறகு என்னிடம், மெதுவாக: "இதுக்கோ உன்னை ஆளாக்கினனான்?"

வெளியே வரும்போது சிவமலரக்கா வாசலில் நின்றார், கையில் கட்டோடு. நன்றி சொல்வார் என்று நினைத்தேன் போலிருக்கிறது, வெட்கம்.

"ஆஸ்பத்திரியில நான் கேக்கேக்கை சொல்லியிருக்கலாம் தம்பி. இவ்வளவு நாளும் என்ரை பிழை எண்டெல்லோ அழுதுகொண்டு கிடந்தனான்."

9 நவம்பர், திங்கள்

காட் போய்விட்டது. ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கும் வேலை, காலை ஷிப்ட். மண்டபக்காரரின் காப்புறுதி அக்காவின் கோரிக்கையை ஏற்றிருக்கிறதாம்.

29 நவம்பர், ஞாயிறு

கட்சி அவரைத்தான் தெரிவுசெய்திருக்கிறது. 'படத்துக்குச் சும்மா பிடிச்சனான்' என்றதை நம்பிவிட்டார்கள்.

இன்று காலை கதவுத் துவாரத்தால் பிரசுரம் வந்து விழுந்தது. ரெய்னர்ஸ் லேனில் தமிழ் வீடுகளுக்கெல்லாம் போட்டிருக்கிறார்கள். போய்லர்ப் படம் இல்லை. அதற்குப் பதில் பாராளுமன்றச் சதுக்கம், மழை, அண்ணை. நான் நின்ற பக்கத்தை வெட்டிவிட்டார்கள். பொலித்தீனின் நுனியைப் பிடித்தபடி ஒரு கை மட்டும் தெரிகிறது, என் கை.

பின்பக்கத்தில் என் ஹார்க்ரோவ் கட்டுரை. கீழே அண்ணையின் பெயர். ஒரு சொல்லும் மாற்றவில்லை. "ஒரு தொழிலாளியின் கவனக்குறைவால்..."

வத்சலா கிழித்துப் போடச் சொன்னாள். நான் பேனையை எடுத்து அந்த வசனத்தை வெட்டி, மேலே 'சாமுவேல் பீல்' என்று எழுதினேன். எங்கள் வீட்டுக்கு வந்ததில் மட்டும்தான். மற்ற வீடுகளில் நான் எழுதியபடியே இருக்கும்.