அண்ணி பிடித்து வைத்த தண்ணீர்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நலம் என்று எழுதக் கை வரவில்லை. எத்தனை முறை கூப்பிட்டாலும் போனை எடுக்காத மகராசனுக்குக் கடிதம்தான் கதி.

உன் செல்ல மருமகள், என் வாயாடி மகள், ஒரு வாரமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். டெங்குக் காய்ச்சல். ரத்தத் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போய், நேற்றுதான் ஏறத் தொடங்கின. நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். சந்தோஷப்பட வேண்டிய நான் பயந்து சாகிறேன். ஒரு முறை வந்தவளுக்கு மறுபடி வந்தால் இன்னும் மோசமாகலாம் என்கிறார் டாக்டர்.

என் வீட்டில் ஃபிரிட்ஜின் பின்தட்டு வரை துடைத்துவிட்டேன். கொசு ஒழிப்புக்கு வரும் அம்மா மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டு, “இங்க ஒண்ணும் இல்லம்மா” என்றார். பிறகு ஏணி வைத்து, பக்கத்திலிருக்கும் உன் வீட்டுக் குளியலறை ஜன்னலில் டார்ச் அடித்தார். டிரம் மூடாமல் கிடக்கிறது. தண்ணீர் முழுக்கக் கொசுப்புழு. கம்பி வழியாக மருந்து வீசிப் பார்த்தார், எட்டவில்லை. “வீட்டுக்காரர் சொல்லாம பூட்டைத் தொட மாட்டோம்மா” என்று கிளம்பிவிட்டார்.

அதை ஏன் விட்டுவைத்தாய் என்று எனக்குத் தெரியும். அண்ணி இறந்துபோன அன்று காலையில் பிடித்து வைத்த தண்ணீர். எதையும் தொடக் கூடாது என்று பூட்டிவிட்டு, கண்காணாத ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாய். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் அண்ணா, அண்ணி அந்த டிரம்மை வாரம் தவறாமல் தேய்த்துக் கவிழ்ப்பார். மூடி விலகியிருந்தால் உன்னையே உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அவர் பிடித்த தண்ணீர் எப்போதோ வற்றிவிட்டது. இப்போது இருப்பது ஒழுகும் குழாய் சொட்டியது.

நாளை காலை பூட்டுக்காரர் வருகிறார். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, சொல்கிறேன். டிரம்மைக் கொட்டித் தேய்ப்பேன், குழாய்க்கு வாஷர் மாற்றுவேன். வேறு எதையும் தொடமாட்டேன். கொடியில் கிடக்கும் அண்ணியின் துண்டு அப்படியே இருக்கும்.

கோபம் வரும். வரட்டும். நேரில் வந்து திட்டு. “மாமா வந்தா ஊசிக்கு அழமாட்டேன்” என்று ஒருத்தி பேரம் பேசிக்கொண்டிருக்கிறாள். புதுப் பூட்டின் சாவி என்னிடம் இருக்கும்.

அங்கேயும் கொசுவலைக்குள் படு, அண்ணா. இன்னொருவரைப் பறிகொடுக்க எனக்குத் தெம்பில்லை.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
தங்கை